அவர் மூடி வைத்த ஒன்றரை மணி நேரம்

எங்கள் கம்பெனியில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது விதி. சார், மேடம் எல்லாம் பழைய ஆபீஸ்களோடு ஒழிந்தது என்று சேர்ந்த முதல் நாளே சொல்லிவிட்டார்கள். எனக்கு அது கடைசிவரை கைவரவில்லை. மர்பி டவுனில் மில் தொழிலாளி வீட்டில் வளர்ந்தவனுக்கு, தன்னைவிட இருபது வயது பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு வருமா? சார் என்றே கூப்பிட்டேன். அதனாலோ என்னவோ, இன்றைக்கு அவரை நினைத்தால் பெயருக்கு முன்னால் அவருடைய இடது கைதான் ஞாபகம் வருகிறது.

மேஜைமேல் எப்போதும் ஒரு டைரி இருக்கும். எதிரே யாராவது வந்து நின்றால் அந்த இடது கை தானாகப் போய் டைரியின்மேல் உட்கார்ந்துகொள்ளும். விரல்களை நன்றாக விரித்து, ஒரு எழுத்துகூடத் தெரியாமல் மூடிக்கொள்வார். மேஜையில் கிடக்கும் காகிதங்கள் எல்லாம் முகம் கவிழ்ந்தே கிடக்கும். டிபன் பாக்ஸைக்கூட மூடியைப் பாதி சாய்த்து வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார். உள்ளே தயிர் சாதமும் நார்த்தங்காயும்தான் என்பது எங்கள் மாடிக்கே தெரியும்.

எதைக் கேட்டாலும் ஒரே பதில். "பாத்துச் சொல்றேன்ப்பா."

லீவு கேட்டால் பாத்துச் சொல்றேன். மீட்டிங் எப்போது சார் என்றால் பாத்துச் சொல்றேன். எதைப் பார்க்கப் போகிறார், யாரைக் கேட்கப் போகிறார் என்று யாருக்கும் தெரியாது. பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து ஒரு நேரம் சொல்வார். காரணம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

நான் பிறவிச் சந்தேகக்காரன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தால் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற ஜாதி. இப்படி ஒருவர் எனக்கு மேனேஜராக வாய்த்தால் என்ன ஆகும்?

அவர் மல்லேஸ்வரத்துக்காரர். தாத்தா காலத்திலேயே மைசூர் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். செக்யூரிட்டியிடம் கன்னடம், போனில் இங்கிலீஷ், என்னிடம் தமிழ். அந்தத் தமிழும் ஆள் இல்லாத இடத்தில்தான். யாராவது வந்தால் வாக்கியத்தின் பாதியில் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவார். நானும் அவரும் தமிழர் என்பதையே ஏதோ ரகசியம்போல வைத்திருந்தார்.

நான் பைக் வாங்கியபோது நடந்தது இது. ஓசூர் ரோட்டில் இருந்த ஷோரூமில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வண்டி எடுக்கச் சொல்லியிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் முதல் வண்டி. மூன்றரைக்கே கிளம்பலாமா சார் என்று போய் நின்றேன்.

"நாலுக்கு அங்க ஒரே கூட்டமா இருக்கும்ப்பா. அஞ்சுக்குப் போ."

"சார், அவங்க நாலுக்குத்தான் வரச் சொன்னாங்க."

"இந்த ரிப்போர்ட்ட மட்டும் ஒரு தடவ பாத்துடு. அவசரம்."

அந்த ரிப்போர்ட் அவசரமே இல்லை. அடுத்த வாரம் போகவேண்டியது. நாலரை மணி அடித்ததும் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "சரி, கெளம்பு கெளம்பு, மெதுவா ஓட்டு" என்றார். வேண்டுமென்றே பண்ணுகிறார், மர்பி டவுன் பையன் வண்டி வாங்குவது கண்ணை உறுத்துகிறது என்று வழியெல்லாம் கறுவிக்கொண்டே போனேன். அதை வெகுநாள் மனதில் வைத்திருந்தேன்.

இரண்டாயிரத்து ஒன்றில், சிட்னியில் இருந்த எங்கள் தலைமை அலுவலகம் புது மெயில் சாஃப்ட்வேர் ஒன்றை அனுப்பியது. அதற்குள் ஒரு காலண்டர் இருந்தது. யார் எந்த நேரம் என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று எல்லோரும் பார்க்கும்படி அவரவர் காலண்டரைத் திறந்துவைக்க வேண்டும் என்று உத்தரவு. எங்கள் மாடியில் நாற்பது பேர். நாற்பது பேருக்கும் அதைச் செய்துகொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

திறந்துவைப்பதில் மூன்று வகை உண்டு. மற்றவர்களுக்கு ஒன்றுமே தெரியாமல் மூடிவைக்கலாம். பிஸி என்று ஒரு நீலக் கட்டம் மட்டும் தெரியும்படி வைக்கலாம். அல்லது என்ன, யாரோடு, எங்கே என்று எல்லா விவரமும் தெரியும்படி வைக்கலாம். எங்கள் ஆட்கள் வெள்ளந்திகள். முக்கால்வாசிப் பேர் எல்லாவற்றையும் திறந்துவிட்டார்கள். ஒருத்தனுக்குப் பல் பிடுங்குவது, இன்னொருத்தன் பெண் பார்க்கப் போவது, மாமனாரை அழைக்க ஸ்டேஷனுக்குப் போவது எல்லாம் மாடி முழுக்கத் தெரிந்தது. ஒரு வாரம் இதைப் பார்த்துச் சிரித்தே பொழுது போயிற்று.

அவர் மட்டும், "நடுவுல சொன்னியே, அது போதும்ப்பா" என்றார்.

"விவரம் போட்டா மத்தவங்களுக்கு ஈஸியா இருக்கும் சார்."

"பிஸின்னு தெரிஞ்சா போறாதா? என்ன பிஸின்னு எதுக்கு? நீ செட் பண்ணிட்டு கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதுகுக்குப் பின்னால் இரண்டு விரலால் டக் டக் என்று வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை முதல் வேலையாக அவர் காலண்டரைத் திறந்து பார்த்தேன். ஊருக்கெல்லாம் திறந்து கொடுத்தவன், பார்க்காமல் விடுவேனா? செவ்வாய் மூன்று முதல் நாலரை ஒரு நீலக் கட்டம். புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரை. வியாழன் ஒன்றரை முதல் மூன்று. வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு. அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும் அப்படியே, வருடக் கடைசிவரை. திங்கட்கிழமை மட்டும் ஒன்றும் இல்லை.

படிக்கும்போதே உங்களுக்கு உறைத்திருக்கும். எனக்கு உறைக்கவில்லை. ஏன் என்று கேட்டால், அவர் அந்த மாதிரி ஆளே இல்லை. நெற்றியில் ஒன்றும் இருக்காது. சிகரெட் மேல் சிகரெட்டாக ஊதுவார். ஆயுத பூஜை அன்று நாங்கள் சர்வருக்குக் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைத்தபோது, கார் டயரில் ஒட்டும் என்று வண்டியைத் தள்ளி நிறுத்தப் போய்விட்டார். அதுவுமில்லாமல் அது பயந்து கிடந்த காலம். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருப்பவனுக்கு எதைப் பார்த்தாலும் அதுவாகத்தான் தெரியும்.

அமெரிக்காவில் டாட் காம் கம்பெனிகள் விழுந்து, அந்த அடி உலகமெல்லாம் சுற்றி எங்கள் கட்டடத்துக்கும் வந்திருந்தது. இரண்டாவது மாடியில் ஒரு டீமே காணாமல் போயிற்று. காபி மெஷின் பக்கம் நின்றால் அதே பேச்சு. ஒக்கலிபுரத்தில் வாடகை வீட்டில் என் மனைவிக்கு ஐந்தாம் மாதம். எங்கள் இரண்டு வீட்டிலும் ஆபீஸ் வேலைக்குப் போன ஒரே ஆள் நான். இந்த வேலை போனால் அடுத்து எங்கே போய் நிற்பது?

ஸ்ரீநாத் என்று பக்கத்து சீட்டு நண்பன், கன்னடக்காரன், பேசும் தமிழில் பாதி அவன் பாஷை. நீலக் கட்டங்களை அவனிடம் காட்டினேன்.

"லிஸ்ட்டு ரெடி ஆகுது குரு" என்றான். "தினா ஒன்றரை மணி நேரம். சிட்னிகூட உட்கார்ந்து ஒவ்வொரு பேரா அடிக்கறாரு. சும்னே பிஸின்னு போடுவாரா? நீ தமிளு, அவரும் தமிளு. உன்கிட்ட கூட ஒண்ணும் சொல்லல்லையா?"

"சொன்னா அவரு அவரா?"

அதன்பிறகு அவர் செய்தது எல்லாமே எனக்குச் சதியாகத் தெரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, மூன்று மாத வேலையை முடித்து சிட்னிக்கு அனுப்ப வேண்டும். பத்தே முக்காலுக்கு எல்லாம் தயார். ஒரு பட்டனை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. "இன்னொரு தடவ டெஸ்ட் பண்ணிடுங்க" என்றார். பண்ணினோம். "இன்னொரு தடவ." பண்ணினோம். சிட்னியில் சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது, அங்கிருந்து போன்மேல் போன். பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடம் ஆனதும் ஒன்றுமே நடக்காததுபோல, "ம், அனுப்புங்கோ" என்றார். அந்தத் தாமதத்தில் அங்கே யாரோ கடுப்பாகிக் கடிதம் எழுதினார்கள். அதையும் கவிழ்த்துத்தான் வைத்துக்கொண்டார்.

ஒரு புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவர் எழுந்து போனதும் நானும் ஸ்ரீநாத்தும் பின்னாலேயே போனோம். மாடிப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் பார்க்கிங் தெரியும். அவர் தன் காருக்குள் போய் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பேப்பரைப் பிரித்து ஸ்டீயரிங்மேல் விரித்துக்கொண்டார். புதன்கிழமை பேப்பரில் வேலைவாய்ப்பு விளம்பரம் வரும். கையில் பேனா வேறு.

"நோடு, நோடு" என்று ஸ்ரீநாத் என் தோளைக் கிள்ளினான். "நம்மளையெல்லாம் அனுப்பிட்டு அவரு வேற கம்பெனி போறாரு!"

குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாரோ என்னவோ. அவ்வளவு தூரத்திலிருந்து என்ன தெரியும்? எங்களுக்கு வேண்டியது தெரிந்தது.

நான் அவருடைய நேரங்களை ஒரு தாளில் எழுதி சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஒரு நாள் உதவும் என்று நினைத்தேன். எதற்கு உதவும் என்று யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க எடுத்த என் மனைவி அந்தத் தாளோடு வந்தாள்.

"ஏங்க, ராகு காலத்த எதுக்கு எழுதி வெச்சிருக்கீங்க? அதான் கிச்சன்ல தொங்குற காலண்டர்ல போட்டிருக்கே?"

நான் தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். கிச்சனுக்குப் போய் சுவரைப் பார்த்தேன். செவ்வாய் 3 - 4.30. புதன் 12 - 1.30. வியாழன் 1.30 - 3. வெள்ளி 10.30 - 12. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது. ஆபீஸ் திறப்பதே ஒன்பதுக்குத்தான், அதனால்தான் அங்கே காலி. இரண்டு மாதம் துப்பறிந்த லட்சணம் இது.

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கதையெல்லாம் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்கு வேல பர்மனன்ட்டுன்னு லெட்டர் குடுத்தாரே, எப்போ குடுத்தாரு?"

"அது ஆச்சு ஒரு வருஷம். புதன்கிழமை. பதினோரு மணி இருக்கும்."

"குளிக" என்றாள். "குளிகைல எது செஞ்சாலும் திரும்பத் திரும்ப நடக்கும். நல்லத அதுல செய்யலாம், கெட்டத செய்யக்கூடாது. எங்கம்மா வீட்ல பொணத்தகூட குளிகைல எடுக்க மாட்டாங்க. அந்த மனுஷன் உங்களுக்கு நேரம் பாத்துத்தான் குடுத்திருக்காரு. பைக் எடுக்கப் போனப்பயும் நாலரை வரைக்கும் புடிச்சு வெச்சாருன்னு திட்டிக்கிட்டே வந்தீங்களே?"

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட குஷி எனக்கு. திங்கட்கிழமை காலை ஸ்ரீநாத்திடம் சொன்னேன். "ஏய், ராகுகாலனா! நம்ம அம்மா கூட பாக்குது, எனக்கு ஹொளியவே இல்ல!" என்று தலையில் அடித்துக்கொண்டான். அவனுக்குத் தோன்றவே இல்லையாம். மத்தியானத்துக்குள் மாடி முழுக்கத் தெரிந்துவிட்டது. அதோடும் விட்டேனா? புது சாஃப்ட்வேரில் ஒரு மீட்டிங் போட்டேன். வியாழன் ஒன்றரை மணி, தலைப்பு ராகுவுடன் ஆலோசனை, அழைப்பு எங்கள் டீம் லிஸ்ட்டுக்கு.

அந்த லிஸ்ட்டில் சிட்னியும் இருந்தது என்பது எனக்கு அனுப்பிய பிறகுதான் தெரிந்தது. டீமுக்குப் போகிற மெயில் எல்லாம் அங்கே ஆட்களை எடுப்பது, அனுப்புவது எல்லாம் கவனிக்கிற அம்மாளுக்கும் ஒரு பிரதி போகும்படி யாரோ எப்போதோ சேர்த்து வைத்திருந்தார்கள். மறுநாள் அந்த அம்மாள் அவர் காலண்டரின் நீலக் கட்டங்களையும் கூட்டிப் பார்த்துவிட்டு, டீம் லிஸ்ட்டுக்கும் பிரதி போட்டு அவருக்கு மெயில் அனுப்பினாள். யார் இந்த ராகு? புராஜெக்டில் அப்படி ஒருவர் பெயர் இல்லையே? அவருக்கு எதற்காக வாரத்தில் ஆறு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள்?

மாடியே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான். அவர் என்ன பதில் எழுதினார் என்று தெரியாது. வெகுநேரம் எழுதினார்.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று தயாராகப் போனேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து எனக்கு இடம் விட்டார்.

"எல்லாருக்கும் எல்லாம் தெரியற மாதிரி பண்ணிக் குடுத்துடுப்பா. மூணாவதா சொன்னியே, அது. சிட்னிலயும் தெரியணும்னு சொல்றா."

உட்கார்ந்து திறந்து கொடுத்தேன். நீலக் கட்டங்கள் எல்லாவற்றையும் அவர் ஏற்கெனவே அழித்திருந்தார். செவ்வாயிலிருந்து வெள்ளிவரை பளிச்சென்று காலியாக இருந்தது.

"சாரி சார். வெளையாட்டுக்குத்தான் பண்ணேன்."

"பரவால்ல. எனக்கும் அதுல பெரிய நம்பிக்கைன்னு ஒண்ணும் இல்ல, தெரியுமோ?" குரலைத் தாழ்த்திக்கொண்டார், பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும். "எங்கப்பா பாப்பார், நான் கேலி பண்ணுவேன். என் சொந்தக் காரியத்துக்கு இன்னிக்கும் பாக்கமாட்டேன். ஆனா இங்க நான் ஒரு கையெழுத்துப் போட்டா ஒருத்தர் வீட்டுல அடுப்பு எரியறது, இன்னொருத்தர் வீட்டுல அணையறது. ஒருவேள அதுல ஏதாவது இருந்துடுத்துன்னா? அடுத்தவா விஷயத்துல அந்த ரிஸ்க்க எடுக்க நான் யாரு? அந்த ஒன்றரை மணி நேரம் சும்மா இருந்துடறது. அவ்வளவுதான்."

அப்புறம், சொன்னதே தப்பு என்பதுபோல, டைரிமேல் கை வைத்துக்கொண்டார்.

வெட்கமாக இருந்தது எனக்கு. ஆனாலும் பிறவிக் குணம் போகுமா? நல்லா நடிக்கிறார், லிஸ்ட் எங்கேயோ தயாராகிக்கொண்டுதான் இருக்கிறது என்று ஒரு மூலையில் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த ஒரு சந்தேகம் மட்டும் பொய்யாகவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு அழைப்பு வந்தது. மறுநாள் வியாழன், மத்தியானம் ஒன்றே முக்கால், பதினைந்து நிமிடம். தலைப்பு டிஸ்கஷன். அனுப்பியவர் அவர். அன்று மத்தியானத்திலிருந்தே மாடியில் சில நாற்காலிகள் காலியாகியிருந்தன. இத்தனை நாளும் அந்த நேரத்தைக் கண்டாலே ஒதுங்கிய மனுஷன், அதற்குள்ளேயே என்னைக் கூப்பிடுகிறார் என்றால் வேறு என்ன இருக்க முடியும்? வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி முழுக்க ரயில் போகிற சத்தத்தை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன்.

மறுநாள் போனேன். அறையில் அவர் முன்னால் ஒரு கவர் இருந்தது. முதன்முறையாக ஒரு காகிதம் அவர் மேஜைமேல் நிமிர்ந்து கிடந்தது. என் பெயர் போட்டிருந்தது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். புராஜெக்ட் இல்லை, சிட்னியின் முடிவு, இன்றோடு கடைசி. கேட்டுக்கொண்டேன். துக்கத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது.

"என் பொண்டாட்டி மாசமா இருக்கா சார். உங்களுக்குத் தெரியும். பைக் எடுக்கக்கூட நேரம் பாத்த மனுஷன் நீங்க. இத சொல்ல உங்களுக்கு ராகு காலம்தான் கெடச்சுதா? ஒரு நல்ல நேரம் பாத்து சொல்லக்கூடாதா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"நல்ல நேரத்துல சொன்னா அது நிலைச்சுடும்ப்பா. ராகு காலத்துல ஆரம்பிச்சது எதுவும் நிலைக்காதும்பா. உனக்கு வேல இல்லாம போறது நிலைக்கக்கூடாதுன்னுதான் இப்ப சொல்றேன்."

ஒரு துண்டுத் தாளை நகர்த்தினார். ஒரு போன் நம்பர் எழுதியிருந்தது.

"என் சிநேகிதன். ஹெப்பகோடிப் பக்கம் ஒரு ஃபேக்டரில கம்ப்யூட்டர் பிரிவ பாத்துக்கறான். நாளைக்குப் பேசு. பன்னெண்டுக்கு மேல பேசு, என்ன? முன்னாடி பேசிடாதே."

சீட்டுக்கு வந்தேன். பெட்டியில் சாமான்களை எடுத்து வைக்கக் கால் மணி நேரம் கொடுத்திருந்தார்கள். வேலை போன எவனும் முதலில் வீட்டுக்குப் போன் செய்வான். நான் அவருடைய காலண்டரைத் திறந்தேன். எனக்கு மட்டும் சமாதானமாக ஒரு கதை விட்டாரா, இல்லை உண்மைதானா என்று தெரிந்தாக வேண்டும். நான்தானே எல்லா விவரமும் தெரியும்படி திறந்து வைத்தது, எல்லாம் தெரிந்தது. புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரைவரை கால் மணி கால் மணியாக டிஸ்கஷன், டிஸ்கஷன் என்று ஆறு. வியாழன் ஒன்றரை முதல் மூன்றுவரை ஆறு, அதில் ஒன்று நான். வெள்ளி பத்தரையிலிருந்து இன்னும் நாலு டிஸ்கஷன். ராகு காலத்துக்கு வெளியே ஒரு டிஸ்கஷன்கூட இல்லை. அவர் அழித்த நீலக் கட்டங்கள் இருந்த அதே இடத்தில் அத்தனை பேரையும் அடுக்கி வைத்திருந்தார்.

வேறு ஒன்றே ஒன்றுதான் அந்த வாரத்தில் கண்ணில் பட்டது. புதன் பதினொரு மணி, சிட்னி கால், அரை மணி நேரம். அது அவர் போட்டதில்லை, சிட்னி அம்மாள் போட்டது. அங்கிருந்துதான் எங்கள் லிஸ்ட் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டரை அணைத்தேன்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு ஐந்துக்குப் போன் செய்தேன். ஐந்து வாரத்தில், பெண் குழந்தை பிறந்த அதே வாரம், ஹெப்பகோடியில் வேலை கிடைத்தது. ராகுவா, சிநேகிதரா, என் அதிர்ஷ்டமா என்று நான் ஆராயவில்லை. என் மனைவி ஆராயாமலே முடிவு கட்டிவிட்டாள்.

ஸ்ரீநாத் அந்தப் பதினாறு பேரில் இல்லை, தப்பித்திருந்தான். குழந்தையைப் பார்க்க ஒக்கலிபுரத்துக்கு வந்தான். கையில் வாழைப்பழ சீப்போடு உட்கார்ந்தவனிடம், சார் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"கொத்தில்லையா குரு, உனக்கு தெரியவே தெரியாதா? அவரு போயாச்சு. அதே வெள்ளிக்கெளம. அவருதும் அதே லிஸ்ட்டுதான், முதல் பேரு. புதன்கெளமையே போன்ல சிட்னி அம்மா சொல்லிடுச்சாம். மிச்ச பதினாறு பேருக்கும் நீங்களே சொல்லி முடிச்சிட்டு போங்கன்னு ஆர்டரு. பாவம், எங்க யாருகிட்டயும் மூச்சு விடல்ல. அப்புறமா ஒரு எடத்துல சேந்தாரு, அது ஒரே மாசத்துல மூடிட்டாங்க. இப்ப இன்னொண்ணு தேடறாராம்."

என்னிடம் அந்தக் கவரை நீட்டியபோது அவருக்கும் வேலை போய் ஒரு நாள் ஆகியிருந்தது. கண் சிவந்திருந்ததற்கு நான் வேறு காரணம் நினைத்திருந்தேன்.

ஸ்ரீநாத் போன பிறகு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் மனைவி கேட்டாள். "அவருக்கு எத்தன மணிக்கு சொன்னாங்களாம்?"

"புதன்கிழமை. பதினோரு மணிக்கு."

அவளுக்கு அது மனப்பாடம். இருந்தாலும் கிச்சனுக்குப் போய் சுவரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"குளிகைலயா சொன்னாங்க?" என்றாள். "ஊருக்கெல்லாம் பாத்துச் செஞ்ச மனுஷனுக்கு, பாத்துச் சொல்ல யாருமே இல்லையா?"

சிட்னியில் இருக்கிற அம்மாளுக்குக் குளிகையைத் தெரியுமா? அவர் காலண்டரைத் திறந்து, எந்த இடம் காலி என்று பார்த்து, ஒரு அரை மணி நேரத்தை வைத்திருப்பாள். அவளும் பார்க்கும்படி அதைத் திறந்து கொடுத்தவன் நான்.